இறக்கை இல்லாத ஹெலிகாப்டர்

மாப்பிள்ளை ஹெலிகாப்டர் ஓட்டுகிறான் என்று தரகர் மலைச்சாமி சொன்னதுமே, காசிமாயன் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எங்கிட்டு ஓட்டுறான்?”

“சமயநல்லூர்லண்ணே.”

“சமயநல்லூர்ல எதுக்குய்யா ஹெலிகாப்டர்? வாடிப்பட்டிக்கு டிரிப் அடிக்கிறானா?”

மலைச்சாமி விழுந்து விழுந்து சிரித்தார். காசிமாயன் சிரிக்கவில்லை. அவர் அறிய ஹெலிகாப்டர் என்பது தேர்தல் வந்தால் வருவது. பொட்டலில் லாரித் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் வட்டம் போட்டு, போலீஸ்காரன் ஆளை விரட்டிக்கொண்டு நிற்க, புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து இறங்கும். இறங்கியவர் வாக்குறுதி கொடுத்துவிட்டு ஏறிப் போய்விடுவார். அப்படிப்பட்டதை ஓட்டுகிறவன் செக்கானூரணிப் பக்கம் வந்து எதற்குப் பெண் தேடுகிறான்? இதில் என்னமோ இருக்கிறது.

காசிமாயன் யாரையும் நம்பாத ஆள். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு விடமாட்டார். நாலு வீடு தள்ளிப் போய் அந்த மாடு முட்டுமா என்று விசாரிப்பார். கிணற்று மோட்டார் பழுதானால் செம்புக்கம்பிச் சுருள் கட்டி முடிக்கும்வரை மெக்கானிக்கின் தலைமாட்டிலேயே நிற்பார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை எதற்கு என்று ஒரு மருந்துக்கடையில் கேட்டுவிட்டு, இன்னொரு மருந்துக்கடையிலும் போய்க் கேட்பார்.

அதற்குக் காரணமும் உண்டு. அவருடைய அண்ணன் மகள் செல்லக்கிளியைத் தூத்துக்குடியில் ஒரு கப்பல் இன்ஜினியருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் போய்ப் பார்த்தால், அந்த ஆள் கரையில் நின்று கப்பலைப் பார்த்ததோடு சரி. செல்லக்கிளி இப்போது பிறந்த வீட்டில் இருக்கிறாள். அப்படி ஒரு பொய்யன் கையில் தன் மகள் முனீஸ்வரியைக் கொடுத்துவிடக் கூடாது என்பதுதான் காசிமாயனுக்கு நினைப்பெல்லாம். ஒரே மகள். தாயில்லாத பிள்ளை. தங்கச்சி ஒச்சம்மாள் வந்து கூடவே இருந்து வளர்த்துவிட்டாள்.

“வீடு வாசலை அப்புறம் பாப்போம். மொதல்ல அவன் வேலை பாக்குற எடத்தைக் காட்டு” என்றார் மலைச்சாமியிடம். “எம் மகளும் வருவா.”

ஒச்சம்மாள் மோவாயில் கை வைத்தாள். “ஏண்ணே, பொண்ணு போயி மாப்பிள்ளையப் பாக்குறதா? ஊரு என்ன பேசும்?”

“அங்க பூரா இங்கிலீசுல எழுதி வச்சிருப்பான். ஊரு வந்து படிச்சுச் சொல்லுமா? நான் கைநாட்டு. நீயும் கைநாட்டு. இந்த மலைச்சாமி படிச்சா அவனுக்குத் தோதாப் படிப்பான். நம்ம பிள்ளை படிச்சாத்தான் நெசம் தெரியும்.”

அடுப்படியிலிருந்து முனீஸ்வரி எட்டிப் பார்த்தாள். சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆரப்பாளையத்தில் பஸ் மாறி, சமயநல்லூரில் இறங்கி, நாலுவழிச் சாலையை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்தார்கள். மலைச்சாமி காட்டிய இடம் ஒரு தகர ஷெட். முன்னால் நெல் அடுக்கும் கிட்டங்கியாக இருந்திருக்க வேண்டும். வாசலில் ஒரு போர்டு. பறக்கிற எந்திரம் எதுவும் கண்ணில் படவில்லை. சுற்றிலும் மின்கம்பி. இங்கே ஒரு காக்காய் இறங்குவதே சிரமம்.

“படி ஆத்தா” என்றார் காசிமாயன் மகளிடம்.

முனீஸ்வரி படித்தாள். “ஹெலிகாப்டர் சிமுலேட்டர் பயிற்சி நிலையம்னு போட்டிருக்குப்பா.”

“நடுவுல என்னமோ சொன்னியே, அது என்ன?”

“சிமுலேட்டர். நெசமாப் பறக்காது. உள்ள உக்காந்து பறக்குற மாதிரி பழகலாம்.”

காசிமாயன் மலைச்சாமியைத் திரும்பிப் பார்த்தார். மலைச்சாமி சாலையில் போன லாரியைப் பார்த்தார்.

உள்ளே குளுகுளுவென்று ஏசி ஓடியது. மாப்பிள்ளைப் பையன் அழகுபாண்டி வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, கும்பிட்டபடி நின்றான். அவனுக்குப் பின்னால் இருந்தது அது. மூக்கும் கண்ணாடியும் கதவும் சாட்சாத் ஹெலிகாப்டருடையவை. கதவுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. கத்தியால் நறுக்கியதுபோல முடிந்துவிட்டது. வால் இல்லை. மேலே சுற்றுகிற இறக்கை இல்லை. முன்னால் பெரிய வெள்ளைத் திரை ஒன்று அரைவட்டமாக வளைந்து நின்றது.

“இறக்கை எங்க தம்பி?”

“இறக்கை கெடையாதுங்க மாமா. எல்லாம் திரையிலதான் தெரியும்.”

“அப்ப இது ஹெலிகாப்டர் இல்ல.”

“இல்லைங்க மாமா.”

“நீ ஓட்டுறவன் இல்ல.”

“இல்லைங்க. நான் இந்த மெஷினைப் பாத்துக்கிறவன். கெட்டுப்போனாச் சரி பண்ணுவேன். ஓட்டுறேன்னு நான் யாருகிட்டயும் சொல்லலையே மாமா!”

இரண்டு பேரும் சேர்ந்து மலைச்சாமியைப் பார்த்தார்கள். “ஹெலிகாப்டருல வேலைன்னா, ஓட்டுறதும் அதுக்குள்ள வந்துரும்லண்ணே” என்றார் அவர்.

காசிமாயனுக்குத் தலைக்குள் செல்லக்கிளியின் முகம் வந்து போனது. அப்போதே திரும்பியிருப்பார். ஆனால் பையன், கேட்டதற்கு மழுப்பாமல் பதில் சொல்லிவிட்டான். இவ்வளவு சீக்கிரம் உண்மையைச் சொல்கிறவனும் சந்தேகத்துக்கு உரியவன்தான். கொஞ்சம் இருந்து பார்ப்போம் என்று நினைத்தார்.

“கெட்டுப்போனாச் சரி பண்ணுவேல்ல? ஓட விட்டுக் காட்டு பாப்போம்.”

உள்ளே ஏறும்போது கதவுச் சட்டம் காசிமாயனின் நெற்றியில் இடித்தது. மலைச்சாமிக்கும் இடித்தது. ஒச்சம்மாளுக்குக் கொண்டையில் இடித்தது. கடைசியாக வந்த முனீஸ்வரி பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டே குனிந்து ஏறினாள். சட்டத்தை அவள் பார்க்கக்கூட இல்லை. காசிமாயன் நெற்றியைத் தேய்த்தபடி அதைக் கவனித்தார்.

முன்னால் இரண்டு இருக்கை. வலதில் காசிமாயனை உட்கார வைத்து, இடதில் அழகுபாண்டி உட்கார்ந்தான். மற்றவர்கள் பின்னால் பெஞ்சில். இரண்டு இருக்கைக்கும் முழங்கால்களுக்கு நடுவே ஒரு கம்பு, காலடியில் இரண்டு மிதிகள், இடது கைப்பக்கம் ஒரு லீவர். லீவரின் நுனியில் பைக் ஆக்ஸிலேட்டர் மாதிரி முறுக்குகிற கைப்பிடி. அழகுபாண்டி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். லீவரைத் தூக்கினால் ஏறும், இறக்கினால் இறங்கும். கம்பை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தப் பக்கம் போகும். மிதியால் மூக்கைத் திருப்பலாம்.

“கிளப்புறதுக்கு ஒரு முறை இருக்கு மாமா. ஸ்டார்ட்டரை அமுக்குனதும் எஞ்சினுக்குள்ள விசிறி சுத்தும். நல்லா வேகம் எடுக்குற வரைக்கும் எண்ணெய் போகவே கூடாது. கைப்பிடி முழுசா மூடியிருக்கணும். வேகம் எடுத்தப்புறம் மெல்லத் திறந்தா பத்திக்கும்.”

“சரி, அமுக்கு.”

அமுக்கினான். எங்கிருந்தோ விசில் மாதிரி ஒரு சத்தம் கிளம்பி உச்சத்துக்குப் போனது. அடுத்த நொடி, சூடு காட்டுகிற முள் விருட்டென்று எழும்பிச் சிவப்புக்குள் பாய்ந்தது. பேய்க்கத்தலாக ஒரு மணி அடித்தது. எதிரில் சிவப்பு விளக்குகள் எரிந்தன.

“ஆத்தாடி! வெடிக்கப் போகுது!” என்று ஒச்சம்மாள் கதவைத் தேடினாள். பொம்மை என்று தெரிந்தும் காசிமாயன் கால் இரண்டையும் சீட்டுக்கு மேல் தூக்கிக்கொண்டார்.

“ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல” என்று அழகுபாண்டி சுவிட்சை அணைத்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. “எஞ்சின் எரிஞ்சுபோச்சுன்னு காட்டுது. மறுபடி போடுறேன்.”

மறுபடி போட்டான். மறுபடி எரிந்தது. வெளியே போய்க் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். வயர்களைப் பிடுங்கிச் செருகினான். எரிந்தது. மண்டியிட்டு அடியில் இருந்த பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். மடியில் வைத்திருந்த டேப்லெட்டில் கோடு கோடாக எதையோ பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

“கைப்பிடிய மூடிட்டேன். ஆனா கொஞ்சம் திறந்திருக்குன்னே கணக்குக் காட்டுது. அதான் எண்ணெய் முன்னாடியே போயிருது. நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு மாமா.”

“பொண்ணு வீட்டுக்காரன் வந்தா மட்டும் கெட்டுப்போகுமாக்கும்” என்றார் காசிமாயன். “எந்திரி ஒச்சு. போவோம்.”

அப்போது பின்னாலிருந்து முனீஸ்வரியின் குரல் வந்தது. “வலது பக்கத்துக் கைப்பிடியப் பாருங்க. ரெண்டும் ஒன்னோட ஒன்னு சேந்ததுதானே? அது மூடலைன்னா இதும் மூடாது.”

அழகுபாண்டி எட்டி, காசிமாயன் பக்கத்து லீவரில் டார்ச் அடித்தான். கறுப்புக் கைப்பிடிக்கும் அதன் கழுத்துக்கும் இடையில் இருந்த இடுக்கில், கறுப்புக் கயிறு ஒன்று பல சுற்றாகச் சுற்றி இறுகிக் கிடந்தது.

“யாரு கட்டுனது இது?”

ஒச்சம்மாள் முந்தானையைச் சரிசெய்தாள். “நான்தான். அழகர்கோயில் கருப்பசாமி கயிறு. நம்ம வீட்டுல டிராக்டர் வாங்குனாலும் டிவிஎஸ் வாங்குனாலும் ஆக்ஸிலேட்டருலதான கட்டுவோம்? எங்கண்ணன் ஏறி உக்காருற வண்டியாச்சேன்னு, நீங்க உக்காருறதுக்குள்ள பின்னாடி இருந்தே கைய விட்டுக் கட்டுனேன். தப்பா?”

அழகுபாண்டி கத்தரிக்கோலை எடுத்தான். ஒச்சம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “கருப்பு கயித்த அறுக்கவா போற? வெளங்குமா? அவுரு.” அவன் நகம் நோகப் பொறுமையாக முடிச்சை அவிழ்த்து, கயிற்றை அவளிடமே பவ்வியமாகக் கொடுத்தான். அவள் அதைக் கதவுக் கைப்பிடியில் கட்டினாள்.

காசிமாயன் இதில் எதையும் பார்க்கவில்லை. அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டும் சேந்ததுன்னு ஒனக்கு எப்படித்தா தெரியும்?”

“பாத்தாலே தெரியுதேப்பா.”

அவருக்குத் தெரியவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கே தெரியாதது, பின் பெஞ்சில் இருப்பவளுக்கு எப்படித் தெரிந்தது?

இந்த முறை எஞ்சின் பற்றிக்கொண்டது. முள் ஏறி, நின்று, ஒழுங்காக இறங்கியது. திரையில் வெளிச்சம் வந்து, தலைக்கு மேல் இறக்கையின் நிழல் சுற்ற ஆரம்பித்தது. சீட்டு அதிர்ந்தது. அழகுபாண்டி லீவரைத் தூக்க, தரை விலகியது. காசிமாயன் ‘ஆ’ என்று வாயைப் பிளந்தார். கீழே கிடந்தது மதுரை. வைகை வெறும் மணலாக நீண்டு கிடந்தது. அங்கே கோபுரங்கள். இந்தப் பக்கம் யானைமலை, முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. பிறந்ததிலிருந்து அண்ணாந்து பார்த்த மலையை அவர் குனிந்து பார்த்தார்.

கொஞ்சம் தாழ இறக்கி, ஒரு பொட்டலுக்கு மேலே நிறுத்தி, “பிடிங்க மாமா. அசையாம அப்படியே நிறுத்துங்க. ரொம்ப லேசாப் பிடிக்கணும்” என்றான் அழகுபாண்டி.

காசிமாயன் டிராக்டர் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். இடது பக்கம் சாய்ந்தது. வலதுக்குத் தள்ளினார். வலதில் இன்னும் அதிகமாகச் சாய்ந்தது. இழுத்தார். மூக்கு வானத்துக்கு எழும்பி, மதுரை காணாமல் போய், வெறும் ஆகாயம் தெரிந்தது. பிறகு தரை கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டு தலைக்கு மேலிருந்து வந்தது. அவர் கம்பை விட்டுவிட்டு அழகுபாண்டியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். பெரிய சத்தம். திரை சிவந்து நின்றது.

“செத்தோம்” என்றார் மலைச்சாமி, பின்னாலிருந்து.

காசிமாயன் பிடித்த சட்டையை விட்டார். “இது ஏமாத்து வேலை. எவனாலயும் நிறுத்த முடியாது.”

“மொத தடவை யாராலயும் முடியாதுதான் மாமா. ஏத்தி இறக்குறதுகூட வந்துரும். ஒரே எடத்துல அசையாம நிக்கவைக்க மாசக்கணக்காப் பழகணும். கை தானா வேலை செய்யணும்.”

“யாராலயும் முடியாது?”

“முடியாது.”

காசிமாயன் மெல்ல எழுந்து பின்னால் நகர்ந்தார். “முனீசு. நீ வந்து உக்காரு.”

முனீஸ்வரி அப்பாவைப் பார்த்தாள். அவள் பார்வை அழகுபாண்டி பக்கம் போகவே இல்லை. அதுவும் காசிமாயனுக்கு உறுத்தியது. அவள் வந்து வலது சீட்டில் உட்கார்ந்தாள். இடது கை சீட்டுக்கு அடியில் போய் எதையோ இழுக்க, சீட்டு முன்னால் நகர்ந்தது. அப்படி ஒரு பிடி அங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லிக் காட்டவில்லை.

எழும்பியதும் வண்டி ஆடியது. இடது, வலது, மறுபடி இடது. ஒச்சம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். காசிமாயனுக்கு நெஞ்சு லேசானது. நம்ம பிள்ளைக்கும் தெரியாது, நான்தான் கண்டதையும் நினைத்துவிட்டேன் என்று எண்ணினார்.

பிறகு முனீஸ்வரி ஒரு பெருமூச்சு விட்டாள். ஆட்டம் நின்றது.

அப்படியே நின்றது. ஆணி அடித்து மாட்டியதுபோல. கம்பைப் பிடித்திருந்த கையில் இரண்டு விரல்தான் அசைந்தது, அதுவும் தெரிந்தும் தெரியாமலும். கால்கள் மிதிகளில் மூச்சு விடுவதுபோல லேசாக ஏறி இறங்கின. வண்டியை நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். யானைமலை வந்து போனது, வைகை வந்து போனது. தொடங்கிய இடத்தில் மறுபடி நின்றது.

காசிமாயன் அந்தக் கையையே பார்த்தார். அவருக்குச் சோறு போட்ட கை. அது யாருடைய கையோ மாதிரி இருந்தது.

அவர் இறங்கி வெளியே போய்விட்டார். செருப்புப் போடவில்லை. வெயிலில் காய்ந்த சரளைக்கல் உள்ளங்காலில் குத்தியதே அவருக்கு உறைக்கவில்லை. நாலுவழிச் சாலையில் லாரிகள் இரைந்துகொண்டு போயின. முனீஸ்வரி பின்னாலேயே வந்து நின்றாள்.

“எம்புட்டு நாளா?”

“ஒரு வருசத்துக்கு மேலப்பா. காலேஜ்ல ஒரு நாள் இங்க கூட்டியாந்து காட்டுனாங்க. அப்புறம் நானே வந்தேன். இங்க கம்ப்யூட்டர் வேலை செஞ்சு குடுத்துட்டு, அதுக்குப் பதிலாப் பழகுனேன்.”

“அப்ப, மாட்டுத்தாவணியில நான் சேத்துவிட்ட பேங்க் பரீட்சை கிளாசு?”

“மொதல்ல கொஞ்ச நாள் போனேன். அப்புறம் போகல.”

“நான்தானத்தா கொண்டாந்து விட்டேன்!” அவர் குரல் கீச்சிட்டது. “டிவிஎஸ்ல, மார்க்கெட்டுக்குப் போடுற பூ மூட்டைய முன்னாடி வச்சு, ஒன்னையப் பின்னாடி வச்சு, ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்தான கொண்டாந்தேன்? நீ மாடிப்படி ஏறுறதப் பாத்துட்டுத்தான மார்க்கெட்டுக்குள்ள போனேன்?”

“ஏறுவேன். மேல நின்னு நீங்க போறதப் பாப்பேன். அப்புறம் இறங்கி பஸ் ஏறிருவேன்.”

காசிமாயன் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். முனீஸ்வரி நின்றபடியே மீதியையும் சொன்னாள். விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டும் வேலைக்கு எழுத்துப் பரீட்சையில் பாஸாகிவிட்டாள். அடுத்த தேர்வுக்கு மைசூருக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். எடுத்துக்கொண்டால் பயிற்சி முடியும்வரை கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. “நீங்க இந்தத் தையிலேயே முடிச்சிரணும்னு வரன் பாத்துக்கிட்டு இருக்கீங்க. காத்திருக்கேன்னு சொன்னவரு, இங்க பழகயில தெரிஞ்ச இவரு ஒருத்தருதான். மலைச்சாமி சித்தப்பாகிட்ட இந்த வரனைக் கொண்டுவரச் சொன்னதும் நான்தான். ஓட்டுறாருன்னு அவரு சேத்துக்கிட்டது மட்டும் எனக்குத் தெரியாது.”

“ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“கோயம்புத்தூர் காலேஜுல எடம் கெடைச்சப்பச் சொன்னேனேப்பா. ஹாஸ்டலை எவன் நம்புவான்னு சொல்லிட்டீங்க.” அவள் அதோடு விடவில்லை. “மாட்டை நோண்டுறீங்க, மோட்டாரை நோண்டுறீங்க, மாத்திரையை நோண்டுறீங்க. என்னைய மட்டும் நோண்டவே இல்ல. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தப் படியேறி வந்து பாத்திருந்தா அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லியிருப்பேன். இன்னைக்கு வந்துருவீங்க, இன்னைக்கு வந்துருவீங்கன்னு ஒவ்வொரு சனிக்கிழமையும் மேல நின்னு பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

ஊரில் ஒருத்தனும் தன்னை ஏமாற்ற முடியாது என்று காசிமாயன் நினைத்திருந்தார். ஏமாற்றியவள் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறாள். கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. கிணற்றுக்குள் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பதுபோல இருந்தது.

எழுந்து உள்ளே போனார். அழகுபாண்டியைக் கதவோரம் இழுத்து, காதோடு கேட்டார். “மேல பறக்கயில எஞ்சின் நின்னுபோனா என்ன ஆகும்?”

“அதுக்கும் ஒரு முறை இருக்கு மாமா. லீவரை உடனே கீழ அமுக்கணும். எறங்குற காத்துலயே இறக்கை சுத்தும். அந்தச் சுத்தை வச்சு இறக்கிரலாம். ஆனா யோசிக்க நேரம் இருக்காது.”

“அவளை ஏறச் சொல்லு. நல்லா உசரத்துல போகயில எஞ்சினை நிறுத்திப்புடு. அவகிட்டச் சொல்லாத.”

“சொல்லாமயா?”

“சொல்லிட்டா அது என்ன சோதனை? நீ சொல்லிட்டாலும் எனக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் இந்த வரன் பேச்சை மறந்துரு.”

மறுபடி எல்லோரும் ஏறினார்கள். இந்த முறை காசிமாயன் பின் பெஞ்சில், இரண்டு சீட்டுக்கும் நடுவே தெரிகிற இடத்தில் உட்கார்ந்து, முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். முனீஸ்வரி கிளப்பினாள். மதுரை கீழே போனது. சோழவந்தான் பக்கம் வயலும் தென்னந்தோப்பும் விரிந்தன. ஒரு கண்மாய் வந்தது. அழகுபாண்டி மடியில் இருந்த டேப்லெட்டை ஒரு விரலால் தொட்டான்.

இரைச்சல் அறுந்தது. அந்த அமைதிதான் பயங்கரமாக இருந்தது. இதைச் செய்யச் சொன்னதே தான்தான் என்பது காசிமாயனுக்கு மறந்துவிட்டது. “எம் மக! எம் மக!” என்று கத்தினார்.

முனீஸ்வரியின் இடது கை ஏற்கனவே லீவரை அடிமட்டத்துக்கு அமுக்கியிருந்தது. தரை வேகமாகப் பெரிசாகிக்கொண்டே வந்தது. நேர் கீழே கண்மாய், பாய் விரித்ததுபோலச் சமதளமாக இருந்தது. “கண்மாய் வேணாம். உள்ள பூராம் சீமைக்கருவேலம்” என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். திரையில் ஒரு முள்கூட இல்லை. அவள் அறிந்த கண்மாயில் இருந்தது. வண்டியைச் சாய்த்து, கரையைத் தாண்டி, அறுவடையான ஒரு வயலைப் பிடித்தாள்.

அந்தக் கணத்தில் காசிமாயன் கண்ணைத் திரையிலிருந்து பிடுங்கி அழகுபாண்டியைப் பார்த்தார். அவன் முன்னாலும் ஒரு கம்பு இருந்தது, ஒரு லீவர் இருந்தது. ஒரு கை நீட்டினால் போதும். அவன் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. கைகள் இரண்டும் மடியில் கோத்துக் கிடந்தன. அசையவில்லை.

தரைக்குச் சற்று மேலே மூக்கு நிமிர்ந்தது, வேகம் செத்தது, லீவர் எழுந்தது. குலுக்கலோடு உட்கார்ந்தது. நிமிர்ந்து நின்றது.

ஒச்சம்மாள் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். மலைச்சாமி சாமி பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முனீஸ்வரி திரும்பி, “எஞ்சினை யாரு நிறுத்துனது?” என்று கேட்டாள்.

“நான்தான் நிறுத்தச் சொன்னேன்” என்றார் காசிமாயன். பிறகு அழகுபாண்டியிடம், “ஒனக்கு முன்னாடியும் ஒரு செட்டு இருக்கே. அவ கீழ விழுறா. நீ ஏன்யா பிடிக்கல?”

“அவங்க பிடிச்சிருக்காங்களே மாமா.”

காசிமாயன் அவன் முகத்தைப் பார்த்தார். மழுப்பல் எங்காவது இருக்கிறதா என்று தேடினார்.

“மலைச்சாமி, இவுக வீட்டுல போயிப் பேசு. பொண்ணு பயிற்சி முடிச்சு வந்தப்புறம் கல்யாணம். அதுக்கு முன்னாடி யாரும் அவசரப்படுத்தக் கூடாது. என்ன மாப்ள, சரிதான?”

அழகுபாண்டி தலையாட்டினான். முனீஸ்வரி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

“ஆனா மைசூருக்கு நானும் வாரேன். அப்படி ஒரு ஆபீஸ் நெசமாவே இருக்கான்னு பாக்கணும். நீ உள்ள போறதயும் பாக்கணும். பாத்துட்டு வந்துர மாட்டேன். வெளிய வர்ற வரைக்கும் வாசல்லயே நிப்பேன்.”

“நில்லுங்கப்பா” என்றாள், மூடிய கைக்குள்ளிருந்தே.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். காசிமாயன் மட்டும் இறங்கவில்லை. பிடித்த கம்பியைப் பிடித்தபடியே இருந்தார்.

“வாங்கப்பா, போவோம்.”

“இது நின்னுருச்சா?”

“நின்னு ரொம்ப நேரமாச்சுப்பா.”

“அப்ப எனக்கு ஏன் இன்னும் ஆடுது?”

அவள் திரையை அணைத்துக் காட்டினாள். மதுரை மறைந்து, வெறும் தகர ஷெட் தெரிந்தது. ஆனாலும் அவர் கம்பியை விடவில்லை.